எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்?

ஒரு நாவலைப் படித்துவிட்டு வந்து "அருமை" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? "எனக்கு ஒட்டல" என்றாலும் அதே நிலைமைதான். கேட்பவர் தலையாட்டுவார், இல்லை முகத்தைச் சுளிப்பார். பேச்சு அத்தோடு படுத்துவிடும்.

கோவில்பட்டியில் நாங்கள் கொஞ்சம் பேர் மாதத்துக்கு ஒரு நாவல் என்று படித்துக் கூடிப் பேசுகிறோம். தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர், பள்ளிக்கூட டீச்சர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா, கல்லூரிப் பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். பல மாதப் பேச்சில் தானாக ஏற்பட்ட நிபந்தனை ஒன்றுதான்: கருத்தைச் சொல்லுமுன் இடத்தைச் சொல்ல வேண்டும். எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எங்கே மூடி வைத்தீர்கள், எதைத் திரும்பப் போய்ப் படித்தீர்கள்? பக்க எண் இதற்கு உதவாது. ஒருவர் கையில் நூலகத்துப் பழைய பதிப்பு, இன்னொருவரிடம் புதுப் பதிப்பு, பிள்ளைகளிடம் கிண்டில். "அவங்க ஓடையில ஒளிஞ்சிருக்கிற இடம்" என்று சொன்னால் எல்லாரும் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

பூமணியின் 'வெக்கை' பற்றிப் பேசியபோது இதன் அருமை தெரிந்தது. 1982இல் வந்த நாவல் அது. 2019இல் வெற்றிமாறன் அதை 'அசுரன்' என்று படமாக்கிய பிறகு தேடி வாங்கியவர்கள்தான் எங்களில் பாதிப் பேர். பூமணிக்குப் பக்கத்து ஆண்டிபட்டிதான் சொந்த ஊர் என்பதில் எங்களுக்கு ஒரு பெருமை வேறு. கல்லூரித் தம்பி ஒருவன் எழுந்து தனுஷைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். யாரும் அவனை அடக்கவில்லை. டீச்சர் மட்டும், "சரிப்பா, புத்தகத்துல எந்த இடத்துல நிறுத்தின?" என்று கேட்டார்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொலை பண்ணிட்டு ஓடி வந்தவங்க, ஒக்காந்து சமைச்சுச் சாப்பிடுறாங்க மிஸ். அந்த எடம்" என்றான்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் அந்தச் சாப்பாட்டைப் பற்றியே பேசினோம். பதினைந்து வயதுப் பையன் செலம்பரம். கையை மட்டும் வெட்டப் போனவன், ஆளையே சாய்த்துவிட்டு அப்பாவோடு காட்டுக்குள் திரிகிறான். போலீஸ் தேடுகிறது. ஆசிரியரோ தண்ணீருக்கும் தீனிக்கும் படுக்கிற இடத்துக்கும் அவ்வளவு பக்கங்களைக் கொடுக்கிறார். கணக்கர் அண்ணாச்சிக்கு அது இழுவையாகப் பட்டது. "வேகமே இல்லையே" என்றார். நர்ஸ் அக்கா மறுத்தார்: "ஓடுறவனுக்கு நாள் முழுக்கப் பயமா இருக்கும்? பசிதான் முன்னால நிக்கும்." என் கட்சியும் அக்கா கட்சிதான். அந்தச் சமையல் இல்லாவிட்டால் செலம்பரம் வெறும் கொலைகாரனாகத்தான் நம் மனதில் தங்கியிருப்பான். படத்தோடு ஒப்பிடும் வேலையும் இந்த வழியில் தானே நடந்துவிட்டது. படிப்பைப் பற்றிப் படத்தின் முடிவில் வரும் பேச்சு நாவலில் இல்லை என்று அந்தத் தம்பியே சொன்னான். எது ஒசத்தி என்ற சண்டைக்குத் தேவையே வரவில்லை.

நான் வைத்திருக்கும் பழக்கம் ஒன்று. நாவலை முடித்த ராத்திரியே இரண்டு வரி எழுதி அட்டைக்குள் சொருகிவிடுவேன். நன்றாகப் பேசுகிறவர்கள் நாலு பேரைக் கேட்டுவிட்டால், அவர்கள் சொன்னதையே நாமும் நினைத்தோம் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். முன்னுரையையும் விமர்சனக் கட்டுரையையும் கடைசியில்தான் படிக்கிறேன். கூட்டத்தில் பெரிய விமர்சகர் பெயரைச் சொல்லித் தொடங்குகிறவரை நாங்கள் நாசூக்காக, "அதை அப்புறம் கேக்குறோம், உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று திருப்பிவிடுவோம். அதிகம் படித்தவரை முதலில் பேச விடுவதும் இல்லை. அவர் பேசி முடித்தால் மற்றவர்கள் ஆமாம் போடத்தான் வாய் திறப்பார்கள்.

'அம்மா வந்தாள்' வைத்த மாதம் வேறு ஒரு சிக்கல். 1966இல் வந்த நாவல், இன்றைக்கும், கணவர் தண்டபாணி இருக்கும்போதே சிவசுவோடு உறவு வைத்த அலங்காரத்தம்மாளைக் கூண்டில் ஏற்றாமல் ஒரு கூட்டமும் முடிவதில்லை. அவள் செய்தது சரியா, தப்பா? ஒருவர் ஒழுக்கம் பேசினார், ஒருவர் பெண் விடுதலை பேசினார். இரண்டையுமே நாவலைத் திறக்காமல் பேசலாம் என்பதுதான் எனக்கு எரிச்சல். பாத்திரத்துக்குத் தீர்ப்பு எழுதுவதை நான் நாவலைப் பற்றிய கருத்தாக எண்ணுவதில்லை. அங்கே எங்களைக் காப்பாற்றியது ஒரு பெண் கேட்ட கேள்வி: "தண்டபாணிக்கு எல்லாம் தெரியுமே, அவர் ஏன் பேசாம இருக்காரு?" உடனே எல்லாரும் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள். சிவசு வந்து போகும் வீட்டில் அந்த மனிதர் எப்படி ஜாதகமும் வேதாந்தமுமாக நாளைக் கடத்துகிறார் என்று வரி வரியாகப் பார்த்தோம். அந்த மௌனம் பெருந்தன்மையா, கோழைத்தனமா, தண்டனையா என்று இன்னும் முடிவாகவில்லை.

பாதியில் விட்டவர்களும் வரலாம். இமையத்தின் 'செல்லாத பணம்' எங்களில் சிலருக்கு முடிக்கவே முடியவில்லை. தீக்காயத்தோடு ரேவதி ஜிப்மரில் கிடக்க, வெளியே பெற்றவர்கள் கையில் பணத்தோடு காத்துக் கிடக்கிறார்கள். நாவலின் பெரும்பகுதி அந்த வார்டும் அதன் வாசலும்தான். "அழுகையா வருது, மூடிட்டேன்" என்றார் டீச்சர். நர்ஸ் அக்கா அதற்குச் சொன்ன பதில் எந்த மதிப்புரையிலும் நான் படிக்காதது. வார்டு வாசலில் நிற்கிறவர்கள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பத்தான் பேசுவார்கள், முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்வார்கள், இமையம் அந்தப் பேச்சைச் சுருக்காமல் விட்டிருக்கிறார் என்றார். கூறியது கூறல் என்று நான் குறை குறித்து வைத்திருந்த பக்கங்கள் அவைதான். அவர் சொன்ன பிறகும் எனக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் படுகிறது. ஆனால் அது எதற்கு அங்கே இருக்கிறது என்று இப்போது தெரியும்.

சொந்தக் கதைக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பது ஒரு தலைவலி. அசோகமித்திரனின் 'தண்ணீர்' வந்தபோது, குடத்தோடு வரிசையில் நின்ற ஊராயிற்றே, ஆளாளுக்குக் குழாயடி ஞாபகம். நாவலில் வரும் ஜமுனாவையும் டீச்சரம்மாவையும் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் தொட்டோம். நான் குறுக்கே போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் சொந்தக் கதை சொல்கிறவரிடம், நாவலில் அதற்கு ஒத்த இடம் எது, ஒத்து வராத இடம் எது என்று கேட்டுக்கொள்கிறோம். ஒத்து வராத இடத்தில்தான் விஷயம் இருக்கும்.

இடத்தைச் சொல்லும் இந்த நிபந்தனைக்குச் சரியான சோதனை பூமணியின் 'அஞ்ஞாடி'தான். ஆயிரம் பக்கத்துக்கு மேல். 2012இல் வந்து 2014இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. தவணை தவணையாகப் பிரித்துக்கொண்டோம். ஆண்டியும் மாரியும் சிநேகிதர்களாக வளரும் பகுதி வரைக்கும் கூட்டம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பிறகு 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் வந்தன. எங்களுக்கு இவை பாடப்புத்தக வரலாறு இல்லை. பக்கத்து ஊர்கள். கலவரப் பக்கங்களைத் திறந்ததும் அவரவர் தாத்தாக்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "எங்க தாத்தா இப்படிச் சொல்லலையே" என்று தொடங்கி, "எங்க ஆளுகளக் கொறச்சுக் காட்டிட்டாரு" என்பதில் வந்து நின்றது. யாருடைய ஆட்கள் என்று இங்கே எழுதுவது நாகரிகமில்லை. இரண்டு பக்கமும் அப்படிச் சொன்னது என்பதைச் சொல்லிவிடலாம்.

எந்த இடத்தில் குறைத்துக் காட்டினார் என்று கேட்டோம். அண்ணாச்சி புரட்டிப் புரட்டி ஒரு பத்தியைக் கண்டுபிடித்து உரக்கப் படித்தார். கல்லூரிப் பெண் ஒருத்தி கேட்டாள்: "இதை யாரு சொல்றா, பூமணியா? இல்ல அந்தப் பக்கத்துல நிக்கிற ஆளா?" அவர் மறுபடி படித்தார். சொன்னது பாத்திரம்தான். "பேச வச்சது அவருதானே" என்றார். அதுவும் நியாயமான கேள்விதான். ஒரு பாத்திரம் கொட்டும் வசைக்கு எழுத்தாளர் எவ்வளவு பொறுப்பு என்று இருட்டும்வரை பேசினோம். அந்தப் பத்தி கையில் இல்லாமல் இதே பேச்சு நடந்திருந்தால் கூட்டம் அன்றோடு கலைந்திருக்கும் என்பது என் எண்ணம். இப்படிப்பட்ட நாவல்களுக்கு எழுத்தாளரைக் கூப்பிடுவதானால் எங்கள் பேச்சு முடிந்து இன்னொரு நாளில்தான் கூப்பிட வேண்டும். எழுதியவர் எதிரே உட்கார்ந்திருந்தால் எல்லாருக்கும் நாக்கு மடங்கிவிடும்.

அண்ணாச்சி மசியவில்லை. இன்றுவரை தன் கருத்தில்தான் நிற்கிறார். ஆனால் அடுத்த மாத நாவலைச் சொன்னதும் அவரேதான்: ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'. 1964இல் வந்தது. பனையேறி குடும்பத்துப் பையனுக்கும் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் லிஸிக்குமான கதை. "சின்னப் புத்தகம். எல்லாரும் முடிச்சிட்டு வாங்க. பாதியில நிறுத்தினவங்ககிட்டச் சண்ட போட முடியல" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டினார்.