பிறஷ்லெஸ் மோட்டரில் நேர ஒழுங்கு

எக்கருமத்தையும் காலமறிந்து செய்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொண்ட துணிபு. விதைப்புக்கும் அறுவடைக்கும் பொருந்தும் இவ்விதி, உள்ளங்கையில் அடங்கும் மின்மோட்டர் ஒன்றுக்கும் பொருந்துவதைக் காணின் வியப்புண்டாகும். வானொலி அலைகளால் ஆளப்படும் சிறு கார்களின் ஓட்டப்போட்டி இன்று பல நாடுகளில் முறையானதொரு விளையாட்டாக நிலைபெற்றுள்ளது. அமெரிக்காவில் 'ரோர்' எனும் சங்கமும் பிரித்தானியாவில் 'பி.ஆர்.சி.ஏ.' எனும் சங்கமும் அதற்கு விதிகள் வகுத்து நடாத்தி வருகின்றன. இப்போட்டிகளில் வெற்றி தோல்வியையும், சில வேளைகளில் மோட்டரின் ஆயுளையுமே, தீர்மானிப்பதாகிய 'டைமிங்' என்னும் நேர ஒழுங்கைப் பற்றி ஈண்டு ஆராய்வாம். பௌதிகவியல் கற்கும் மாணவர்க்கு மின்னியலையும் காந்தவியலையும் கண்கூடாக விளக்கும் பாடமாகவும் இஃது அமையும்.

முதலில் மோட்டரின் அமைப்பை நோக்குவோம். பழைய நேரோட்ட மோட்டரிற் சுருள் சுழலும். காந்தம் நிலைத்து நிற்கும். கரித் தூரிகைகள் திசைமாற்றியின்மீது உராய்ந்து, மின்னோட்டத்தை உரிய வேளையில் மாற்றிக் கொடுக்கும். உராய்வினால் தூரிகை தேயும், பொறியும் பறக்கும். 1962 ஆம் ஆண்டில் வில்சன், டிரிக்கி என்னும் இருவர், தூரிகைக்குப் பதிலாகக் குறைகடத்திகளைக் கொண்டு மின்னோட்டத்தை மாற்றும் பொறியொன்றை விளக்கி ஆய்வுரை வெளியிட்டனர். அவ்வழி வந்ததே பிறஷ்லெஸ் மோட்டர், அஃதாவது தூரிகையற்ற மோட்டர். இதில் நிலைமை தலைகீழாகின்றது. நியோடிமியக் காந்தம் நடுவிற் சுழல, மூன்று தொகுதிச் சுருள்கள் புறத்தே அசையாது நிற்கின்றன. காந்தம் எந்நிலையில் உள்ளது என்பதை மூன்று ஹோல் உணரிகள் அறிவிக்கின்றன. எட்வின் ஹோல் என்பார் 1879 இற் கண்டறிந்த விளைவே இவற்றுக்கு அடிப்படை. அவ்வறிவிப்பைப் பெற்ற வேகக் கட்டுப்படுத்தி, எச்சுருளுக்கு எப்போது மின்னோட்டத்தைச் செலுத்துவது எனத் துணிகின்றது. வடமுனைவு ஒன்றும் தென்முனைவு ஒன்றுமுடைய காந்தம் ஒரு முறை சுழல, இம்மாற்றம் ஆறு முறை நிகழும்.

இனி, நேரத்தை முந்தச் செய்வது ஏன் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். மோட்டர் நிமிடத்திற்கு 30,000 முறை சுழல்கின்றதெனக் கொள்வோம். செக்கனுக்கு 500 சுற்று. ஆகவே 3,000 மாற்றங்கள். ஒரு மாற்றத்துக்குக் கிடைப்பது செக்கனின் மூவாயிரத்தில் ஒரு பங்கே. சுருளுக்குத் தூண்டற்றிறன் உண்டாதலின், மின்னோட்டம் அதனுட் புகுந்தவுடனே முழுமை பெறுவதில்லை. அது வளர்ந்து முடியுமுன் காந்தம் கடந்து சென்றுவிடும். தேர் நகர்ந்தபின் வடம் பிடிப்பதனால் ஆவதென்ன? எனவே, காந்தம் உரிய இடத்தை அடையுமுன்னரே மின்னோட்டத்தைத் தொடக்குதல் வேண்டும். எத்தனை பாகை முன்னதாகத் தொடக்குகின்றோமோ அதனை முந்துகை என்போம்.

முந்துகை மேலும் மிகுமாயின், சுருளின் புலம் காந்தத்தின் புலத்தை ஓரளவு எதிர்க்கும். அதனால் மோட்டர் தானே பிறப்பிக்கும் பின்மின்னியக்கவிசை தாழ்ந்தாற்போலாகிச் சுழற்சி வேகம் இன்னும் ஏறும். ஆயின், இவ்வேற்றத்துக்கு விலை உண்டு. அதே முறுக்கத்தைப் பெறுதற்குக் கூடுதலான மின்னோட்டம் வேண்டும். சுருளில் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும். மின்னோட்டம் இருமடங்காயின் வெப்பம் நான்மடங்காம் என்பதை மாணவர் மறவாதிருத்தல் வேண்டும்.

உணரிகள் பொருந்திய தட்டு மோட்டரின் பின்மூடியில் உளது. திருகாணிகளைத் தளர்த்தி மூடியைச் சிறிது சுழற்றினால் முந்துகை மாறும். விளிம்பிற் பாகைக் கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். 17.5 சுற்றுச் சுருளுடைய மோட்டர்கள் ஓடும் 'ஸ்டொக்' வகுப்பில், கட்டுப்படுத்தி தானாக முந்துகை சேர்த்தல் விலக்கப்பட்டுள்ளது. அந்நிலையில் அதன் சிறுவிளக்கு மினுங்குமாதலின் 'பிளிங்கி' என இதனை வழங்குவர். பிற வகுப்புக்கள் சிலவற்றிற் கட்டுப்படுத்தியே வேகத்துக்கேற்ப முந்துகையைக் கூட்டும். புறப்படும்போது குறைவாகவும் நேர்ப்பாதையில் மிகுதியாகவும் அது கொடுக்கும். ஸ்டொக் வகுப்பினர்க்கு அவ்வசதி இல்லை. வளைவுக்கும் நேர்ப்பாதைக்கும் ஒரே அளவே பொருந்த வேண்டும். ஆதலின் அவ்வளவைத் தெரிவதிலேயே அவர் திறமை புலப்படும்.

தெரியும் முறை வருமாறு: பினியன் எனப்படும் சிறு பற்சில்லைக் கழற்றி, மோட்டரைச் சுமையின்றி ஓடவிடுக. மின்னழுத்தம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவினதாக இருத்தல் வேண்டும். குறைந்த முந்துகையிற் தொடங்கி, ஐந்து ஐந்து பாகையாக ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் சில செக்கன்கள் மட்டும் முழுவேகத்தில் ஓட்டி, சுழற்சி வேகத்தையும் அம்பியர் அளவையும் குறித்துக்கொள்க. இரண்டையும் வரைபாக வரையின் உண்மை தெளிவாகும். தொடக்கத்தில் வேகம் நன்கு ஏற, மின்னோட்டம் மெல்லவே கூடும். ஓரெல்லைக்கு அப்பால் வேகம் சிறிதே ஏற, மின்னோட்டம் செங்குத்தாக உயரும். வரைபு வளையும் அவ்விடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துவதே அறிவுடைமை.

முந்துகையை மாற்றியவர் பற்சில்லு விகிதத்தையும் நோக்குதல் வேண்டும். 48 பல் பினியனும் 96 பற் பெருஞ்சில்லும், காரின் உள்விகிதம் 2 உம் எனக் கொள்வோம். முடிவு விகிதம் 4 ஆகும். 63 மிலிமீற்றர் விட்டமுடைய சில்லின் சுற்றளவு ஏறக்குறைய 198 மிலிமீற்றர். எனவே மோட்டரின் ஒரு சுழற்சிக்குக் கார் 49.5 மிலிமீற்றர் செல்லும். 20,000 சுழற்சியில் இது மணிக்கு 59 கிலோமீற்றருக்குச் சற்று மேலாகும். பினியனில் ஒரு பல் குறைப்பின் விகிதம் 4.09 ஆகி, மோட்டரின் சுமை நூற்றுக்கு இரண்டளவு தளரும். முந்துகையை ஏற்றியவர் பினியனைச் சிறிதாக்குக. முந்துகையைத் தாழ்த்தியவர் பெரிதாக்கலாம். இரண்டையும் ஒருங்கே ஏற்றுபவர் மோட்டரை எரிப்பவராவர். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுதல் ஆய்வுகூட நெறி. இங்கும் அதுவே நெறி.

ஐந்து நிமிட ஓட்டம் முடிந்தவுடன் வெப்பநிலையை அளத்தல் இன்றியமையாதது. செங்கீழ்க்கதிர் வெப்பமானியைப் பளபளக்கும் உலோகத்தின்மீது காட்டினால் அது குறைத்துக் காட்டும். கருநிறப் பகுதியையோ சுருளையோ நோக்கிப் பிடித்தல் வேண்டும். புறத்தே 80 பாகை செல்சியஸ் எனின் உள்ளே அதனினும் மிகுதியாகும். 20 பாகையிலிருந்து 80 பாகைக்கு ஏறுகையிற் செம்பின் தடை ஏறக்குறைய நான்கிலொரு பங்கு கூடிவிடும். சாதாரண நியோடிமியக் காந்தம் 80 பாகைக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும். வெப்பந் தாங்கும் வகைகள் சில 150 பாகை வரை பொறுக்கும். எவ்வகையாயினும், எல்லை கடந்து இழந்த காந்தவலு, ஆறியபின் மீளாது.

இங்கே ஏமாற்றமொன்று மறைந்திருக்கின்றது. காந்தம் தளர்ந்த மோட்டர், சுமையின்றி ஓட்டும்போது முன்னிலும் வேகமாகச் சுழலும். காந்தப்புலம் குறையப் பின்மின்னியக்கவிசை குறைவதே இதற்குக் காரணம். அனுபவமில்லாதவர் மோட்டர் சிறந்துவிட்டதென மகிழ்வர். களத்திலோ வளைவிலிருந்து எழ அது வலுவற்று நிற்கும். காய்ச்சலாற் சிவந்த முகத்தைக் கண்டு உடல்நலமென்று கொள்வதை ஒக்கும் இது. புதிதாயிருந்த நாளில் எடுத்த அளவுகள் குறிப்பேட்டில் இருப்பின், அதே முந்துகையில் வேகமும் மின்னோட்டமும் உயர்ந்திருத்தலைக் கண்டு நோயை உடனே அறியலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் கூறுதும். ஒரு தயாரிப்பாளரின் 40 பாகைக் கோடும் பிறிதொருவரின் 40 பாகைக் கோடும் ஒன்றல்ல. உணரிகள் அமைந்த இடம் வேறுபடும். ஆகவே அயலவர் இலக்கத்தைப் பார்த்தெழுதுதல் பயன் தராது. மேலும், முந்துகை ஒரு திசைச் சுழற்சிக்கே உரியது. மோட்டர் எதிர்த்திசையிற் சுழலுமாறு பொருத்தப்படின் முந்துகை பிந்துகையாகிவிடும்.

மாணவர்காள்! மிகுதியே மேன்மை என்னும் எண்ணம் இளமைக்கு இயல்பு. மூடியைக் கடைசிக் கோடு வரை திருப்புதல் எவர்க்கும் எளிது. வளையும் இடமறிந்து நிறுத்துதலே அரிது. அளந்து, எழுதி, ஒப்பிட்டு அவ்விடத்தைக் காண்பவனின் கார் ஐந்தாம் நிமிடத்திலும் முதல் நிமிடத்து வலுவுடன் ஓடும்.