நான்கு நீர்: அவிலா தெரேசாவின் செப உருவகமும் கம்பம் பள்ளத்தாக்கின் பாசன வழக்காறும்

முன்னுரை

இறைவனைச் செபத்தின் வழியே தேடும் நெறியை விரித்துரைத்த கத்தோலிக்கப் புனிதர்களுள் அவிலா தெரேசா (1515–1582) தனித்துக் குறிப்பிடத்தக்கவர். 1622ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் லொயோலா இஞ்ஞாசியார், பிரான்சிஸ் சவேரியார், பிலிப் நேரி, உழவரான இசிதோர் ஆகியோருடன் இவரும் புனிதராக அறிவிக்கப்பெற்றார். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய சவேரியாரையும் ஏர் பிடித்த இசிதோரையும் தெரேசாவோடு ஒரே நாளில் திருச்சபை நினைத்தது தற்செயலே எனினும், உழவு உருவகத்தால் செபத்தை விளக்கிய ஒருவரைத் தமிழ்நிலத்தில் வைத்துப் படிக்க முனைவோர்க்கு அது சுவையான செய்தியாகும். 1970இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்னும் சிறப்பைப் பெற்ற முதற்பெண்மணியும் இவரே.

தெரேசா தம் வாழ்க்கை வரலாற்றின் 11ஆம் இயல் முதலாகச் செபத்தின் படிநிலைகளை ஒரு தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் நான்கு முறைகளாக விளக்குகிறார். கிணற்றில் இறைத்தல், நீர்ச்சக்கரத்தால் இறைத்தல், ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ பாய்ச்சுதல், மழை என்பன அவை. இவ்வுருவகத்தைத் தமிழில் பெயர்க்கும்போது எச்சொல்லைத் தேர்வது என்பது வெறும் அகராதிச் சிக்கலன்று. சொல் மாறினால் செபம் பற்றிய கொள்கையே மாறும். உத்தமபாளையம் வட்டத்து இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி முதலிய ஊர்களில் கத்தோலிக்க வேளாண்குடிகள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் கம்பம் பள்ளத்தாக்கு, இந்நான்கு நீரையும் ஒருங்கே அறிந்த நிலப்பகுதி. அதன் பாசன வழக்காற்றை உரைகல்லாகக் கொண்டு இவ்வுருவகத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

களை பறிப்பவர் யார்?

சமய வாழ்வை உழவாகக் காண்பது தமிழுக்குப் புதிதன்று. திருநாவுக்கரசர் மெய்ம்மையை உழவாகவும், விருப்பத்தை வித்தாகவும், பொய்ம்மையைக் களையாகவும், பொறுமையைப் பாய்ச்சும் நீராகவும் உருவகித்துள்ளார். தெரேசாவின் தோட்டத்தோடு இதனை ஒப்பிடுவது எளிது. ஒப்புமையோடு நின்றுவிடுவதுதான் பிழை. அப்பர் பாடலில் உழுவதும் களைவதும் நீர் பாய்ச்சுவதும் அடியவரின் வினைகள். தெரேசாவிடமோ களைகளைப் பிடுங்கி நல்ல செடிகளை நட்டுவைப்பவர் இறைவனே. அவை வாடாமல் நீர் விடுவது மட்டுமே மனிதருக்குரிய பணி. அப்பரிடம் நீர் ஒன்று. அதில் படிநிலை இல்லை. தெரேசாவிடம் பயிரும் நிலமும் மாறாமலிருக்க, நீர் வரும் வழியே மாறுகிறது. உழைப்பு குறையக் குறைய நீர் மிகுகிறது என்னும் முரணே அவரது கொள்கையின் உயிர்நிலை.

கிணறும் வறட்சியும்

முதல்நீர் தொடக்கநிலையினரின் செபம். சிதறும் மனத்தை ஒருமுகப்படுத்தி, கிறிஸ்துவின் வாழ்வைத் தியானித்து, ஒவ்வொரு வாளியாக இறைக்கும் கடும் உழைப்பு இது. இவ்விடத்தில் தெரேசா பயன்படுத்தும் கருத்து வறட்சி என்பதாகும். பலமுறை வாளியை இறக்கியும் நீர் வாராத நிலையை அவர் மறைக்கவில்லை. அந்நிலையிலும் தோட்டக்காரர் தம் பணியைச் செய்ய வேண்டும்; நீரின்றியே செடிகளைக் காப்பது தோட்டத்து உரிமையாளரின் பொறுப்பு என்கிறார்.

தோண்டத் தோண்ட ஊறும் மணற்கேணியைக் கல்விக்கு உவமையாக்கிய குறளோடு இதனை வைத்துப் பார்த்தல் தகும். குறளின் கேணி முயற்சிக்குத் தவறாமல் பயன் தருகிறது. தெரேசாவின் கிணறு அவ்வாறு உறுதி தருவதில்லை. ஆகவே, கல்வியைப் போலச் செபமும் பயிற்சியால் கைவரும் திறன் என்று மறையுரைகளில் கூறப்படுவது தெரேசாவின் கருத்தாகாது. மழை மறைவுப் பகுதியாகிய இப்பள்ளத்தாக்கில் கிணற்றை ஆழப்படுத்தியும் ஊற்றுக் காணாத உழவருக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

நீர்ச்சக்கரமா, ஏற்றமா, கமலையா?

மொழிபெயர்ப்பின் உண்மையான சிக்கல் இரண்டாம் நீரில் எழுகிறது. தெரேசா கூறும் கருவி, வட்டமாக வாளிகள் பிணைக்கப்பட்டுச் சுழற்றப்படும் சக்கரம். தாமே அதனைச் சிலபொழுது இயக்கியதுண்டு என்றும் குறிக்கிறார். நீர்ச்சக்கரம் என நேரே பெயர்த்தால் பொருள் விளங்கும். ஆனால், தமிழ் உழவரின் கையும் காலும் அறிந்த அனுபவம் அச்சொல்லில் இல்லை.

ஏற்றம் பழகிய சொல். ஏற்றமரத்தின்மேல் நடந்து மிதிப்போரும், கீழ்நின்று சாலைக் கவிழ்ப்போரும், இறைத்த சாலை எண்ணிப் பாடும் ஏற்றப்பாட்டும் செபமாலை மணிகளை எண்ணுவதை நினைவூட்டக்கூடும். எனினும் ஏற்றத்தில் முழு ஆற்றலும் மனிதருடையதே. அது முதல்நீரின் விரிவாகவே அமையும்.

கமலை அவ்வாறன்று. மாடுகள் சரிவில் இறங்க வடம் இழுபட்டுச் சால் மேலேறுகிறது; அவை பின்னேறி வரச் சால் மீண்டும் கிணற்றில் இறங்குகிறது. ஓட்டுபவர் இழுப்பதில்லை, செலுத்துகிறார். தெரேசா இரண்டாம் நீரை அமைதிச் செபம் என்கிறார். அந்நிலையில் மனத்தின் விருப்பாற்றல் இறைவனிடம் கட்டுண்டிருக்க, நினைவும் அறிவும் சிலபோது துணைசெய்தும் சிலபோது இடையூறாகியும் அலைகின்றன. அவ்விரண்டையும் இரைதேடி வெளியே பறந்து மீளும் புறாக்களுக்கு அவர் ஒப்பிடுகிறார். கமலையில் பூட்டிய இரு மாடுகள் இதற்கு இன்னும் நெருங்கிய உவமையாகும்: ஒன்று முரண்டினால் அடித்து ஓட்டுவதைவிடப் பொறுத்து நிற்பதே பட்டறிவுள்ளவர் செயல். தெரேசாவின் அறிவுரையும் அதுவே. சக்கரத்தின் இடையறாச் சுழற்சி கமலையில் இல்லை என்பது உண்மை. ஆயினும் பிறிதோர் ஆற்றல் வந்து கலப்பதைக் காட்டுவதால் கமலை என்பதே இங்குப் பொருந்தும் பெயர்ப்பு எனலாம். மின்மோட்டார் பரவிய பின் அச்சொல்லுக்கே அடிக்குறிப்பு தேவைப்படும் காலம் வந்துவிட்டது என்பது வேறு செய்தி.

மலை கடந்து வரும் நீர்

மூன்றாம் நீரில் தோட்டக்காரரின் பணி வாய்க்காலை நெறிப்படுத்துவது மட்டுமே. இறைவன் தாமே தோட்டக்காரராகிவிடும் நிலை இது என்கிறார் தெரேசா. மடை திறத்தல், மடை மாற்றுதல் என்னும் தொடர்கள் தமிழில் ஆயத்தமாக உள்ளன.

ஆனால், கம்பம் பள்ளத்தாக்கின் வாய்க்கால் நீருக்கு ஒரு வரலாறு உண்டு. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றை அணையிட்டுத் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பிய திட்டம் 1895இல் நிறைவேறியது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்கள் அந்நீரால் விளைகின்றன. கட்டுமானத்தின்போது நோயால் மாண்ட தொழிலாளர் பலர். பொறியாளர் பென்னிகுயிக்கின் படம் இல்லங்களில் இடம்பெறுவதும், அவர் பெயரைக் குழந்தைகளுக்கு இடுவதும், பாலார்பட்டியில் அவர் நினைவாகப் பொங்கல் வைப்பதும் இன்றும் நிகழ்வன.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, இப்பள்ளத்தாக்கின் மூன்றாம் நீர் மலைக்கு அப்பால் பெய்த நான்காம் நீரே. தெரேசா பிரித்துவைத்த இரண்டும் இந்நிலத்தில் ஒன்றாகின்றன. மற்றொன்று, உழைப்பின்றிப் பெறும் கொடையும் பிறர் உழைப்பின் வழியே வந்து சேர்கிறது. புனிதர்களின் பரிந்துரையை வேண்டும் மன்றாட்டு மாலையின் அடிப்படையும் இவ்வுணர்வே. வழிபாடு இறைவனுக்கே உரியது, புனிதருக்கு வணக்கம் மட்டுமே என்று திருச்சபை வகுக்கும் வேறுபாட்டை, நீரைத் தந்த மழையையும் வழியமைத்த மனிதரையும் தனித்தனியே நன்றியோடு நினைக்கும் உழவர் வழக்கு எளிதாக விளக்கிவிடுகிறது. தெரேசாவின் உருவகத்தில் வாய்க்கால் வெட்டியவருக்கு இடமில்லை. அதனைக் குறை என்பதைவிட, அவர் தனி ஆன்மாவின் செபத்தை எழுதினார் என்று கொள்வதே நேர்மையாகும்.

மழையும் திராட்சையும்

நான்காம் நீர் இறைவனோடு ஒன்றிப்பு. தோட்டக்காரர் சற்றும் எண்ணாதபோது பெரும்பாலும் வந்து தோட்டம் முழுவதையும் நனைப்பது அது. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த மரபில் வந்த வாசகருக்கு இவ்விடம் இயல்பாகவே உவப்பளிக்கும். எனினும், கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இப்பகுதியில் எதிர்பாரா மழை எப்போதும் நற்செய்தியன்று. பழுக்கும் பருவத்தில் பெய்தால் கனிகள் வெடிக்கும், கொடியில் நோய் பற்றும். ஆகவே, திடீர்மழை என்று பெயர்த்தால் பந்தல் உழவரின் செவியில் அருளைவிட அச்சமே முந்தி ஒலிக்கும்.

தெரேசாவை அறிந்தோர்க்கு இவ்வச்சமும் முற்றிலும் அயலானதன்று. ஒன்றிப்பின் தொடக்க அனுபவங்களில் தமக்கு நேர்ந்த பேரச்சத்தையும், அவை தீய ஆவியின் ஏமாற்றோ எனப் பிறர் ஐயுற்றதையும் அவர் அதே நூலில் விரிவாக எழுதியுள்ளார். கெடுப்பதும், கெட்டாரை எடுப்பதும் ஒரே மழை என வள்ளுவர் வான்சிறப்பிலேயே கூறிவைத்தார். நான்காம் நீருக்கு அடைமொழி எதுவும் சேர்க்காமல் மழை என்றே பெயர்த்து, அக்குறளின் இருபொருளையும் அச்சொல்லில் தங்கவிடுவது தெரேசாவின் அனுபவத்திற்கு அண்மையில் நிற்கும்.