ஏர்கான் குளிருக்கு ஃபிளீஸ் குல்லா

வெளியே கொளுத்தும் வெயில்; சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் ஏறியதும் காது சில்லிடும். வாய்விட்டுச் சொல்ல முடியாத பிள்ளைக்கு நாம்தான் முந்திக்கொண்டு ஒரு குல்லா தைத்துவைக்க வேண்டும்.

ஃபிளீஸ் துணியில் வெட்டிய ஓரம் நூல் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டாம். இழுபடும் பக்கம் தலைக்குக் குறுக்கே வரட்டும். சக்கர நாற்காலியில் தலை சாய்த்திருக்கும் பிள்ளைக்கு நடுவில் தையல் வந்தால் உறுத்தும். அதனால் பக்கத்துக்கு ஒரு துண்டு, நெற்றியிலிருந்து பிடரிவரை அகலப் பட்டை ஒன்று என மூன்றாக வெட்டுங்கள். தொட்டாலே கூசும் பிள்ளையா? தையலை வெளிப்பக்கம் விடுங்கள். கழுத்துக்கு நாடா வேண்டவே வேண்டாம், எதிலாவது சிக்கினால் ஆபத்து. இழுத்தால் தானே விட்டுவிடும் பிரெஸ் பட்டன் போதும்.

மெஷின் இல்லாதவர்கள் தேக்கா சென்டர் மாடித் தையற்கடைக்குப் போகும்போது, பிள்ளைக்குப் பிடித்த பழைய தொப்பியை அளவுக்கு எடுத்துச் செல்லுங்கள். சூடான இஸ்திரி ஆகாது; ஃபிளீஸில் உள்ள பாலியெஸ்டர் இளகிவிடும்.