படக்கோப்பு கிட்டாதபோது செய்ய வேண்டுவன

பாவில் ஓரிழை அறுந்தால், நெசவாளர் தறியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடி முடிந்த பின்னரே மேலே நெய்வார். கவனியாது நெய்தால் அக்குறை துணி நெடுகத் தொடரும். கணினியில் சங்க அறிக்கை தொகுக்கும் நாமும் இவ்வொழுக்கத்தையே கைக்கொள்ளுதல் நலம்.

லேடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள், டொனால்ட் கனூத் 1978-இல் வெளியிட்ட டெக் என்பதன்மீது, லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் அமைத்ததாகும். விலையின்றிக் கிடைப்பதால் சிறு சங்கங்களுக்கும் எட்டக்கூடியது. இதில் மூல ஏட்டில் படத்தின் பெயர் மட்டுமே நிற்கும். படமோ தனிக்கோப்பாக இருக்கும். ஆண்டறிக்கையை ஒருவர் மற்றொருவருக்கு அனுப்புகையில் வரவு செலவு வரைபடம் விடுபட்டுப் போனால், கோப்பு காணப்படவில்லை என்று கணினி வேலையை நிறுத்திவிடும். பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்துச் சிறிய எழுத்தாக மாறியிருப்பினும், விண்டோசில் ஓடியது லினக்சில் நின்றுவிடக்கூடும்.

அவசரத்தில் 'என்டர்' விசையைத் தட்டித் தட்டி மேலே செல்வோர் உளர். இது தவறு. 'படம் 3' என்ற தலைப்பு நிற்கும், படம் இராது.

கிராஃபிக்ஸ்-எக்ஸ் தொகுப்பை 'டெமோ' என்னும் விருப்பத்துடன் அழைத்தால், படங்களின் இடத்தில் கறுப்புக் கட்டங்கள் அமையும். வேலை நிற்காது. ஆனால் கையிலுள்ள படங்களும் மறைந்துவிடுமாதலால், இது எழுத்தைச் சரிபார்ப்பதற்கே ஏற்றது.

இதனினும் சிறந்தது 'இஃப்-ஃபைல்-எக்சிஸ்ட்ஸ்' என்னும் ஆணை. கோப்பு இருந்தால் படத்தை இடும். இல்லையேல் நாம் குறித்ததை இடும். விடுபட்ட கோப்பின் பெயரை ஒரு கட்டத்துள் எழுதும்படி குறித்துவிட்டால், எது வரவில்லை, யாரிடம் கேட்பது என்பது உடனே விளங்கும். இவ்வாணையில் கோப்பின் பின்னொட்டையும் அடைவின் பெயரையும் முழுமையாக எழுத வேண்டும். படங்களின் அடைவை வேறிடத்தில் அறிவித்திருந்தாலும் இவ்வாணை அங்கே தேடாது.

கட்டம் படத்துக்கு ஈடாகாது, நினைவூட்டல் மட்டுமே. பொதுக்குழுவில் அறிக்கையைக் கையிலெடுக்கும் உறுப்பினர், தம் பணம் சென்ற வழியை அவ்வரைபடத்திலேயே காண்கிறார். ஆதலின் ஒரு கட்டமும் எஞ்சவில்லை என்பதைப் பக்கந்தோறும் பார்த்த பின்னரே அச்சுக்குக் கொடுப்போமாக.