அந்த அரை அடி யாருடையது?

பக்கத்து வீட்டு வாசலில் லாரி வந்து மணலும் செங்கல்லும் இறக்கினால் நம் வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கும். "நமக்கு எதுக்கு வம்பு" என்று அப்பா கதவைச் சாத்துவார். இல்லையென்றால் சுவர் இடுப்பளவு எழும்பிய பிறகு வேலியருகே நின்று சத்தம் போடுவார். இரண்டாலும் பிரயோஜனம் இல்லை.

ஊசி முனை அளவு நிலம்கூடக் கிடையாது என்று துரியோதனன் சொன்னதைச் சமய வகுப்பில் படித்திருக்கிறோம். அவனுக்காவது எது யாருடையது என்று தெரிந்திருந்தது. நம் தாமான்களில் அரை அடிக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளைக் கேட்டுப் பாருங்கள். அந்த அரை அடி கிரண்ட்டில் யார் பக்கம் இருக்கிறது என்று பெரும்பாலும் இரண்டு வீட்டாருக்குமே தெரியாது.

இதில் பெரியவர்களைக் குறை சொல்ல முடியாது. சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் நம் தாத்தா பாட்டி பலர் வாழ்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். வீடு கம்பெனியுடையது. வேலித் தகராறு வந்தால் கிராணியோ மண்டோரோ தீர்த்து வைப்பார். தோட்டத்து எல்லைக்கு முனியாண்டி காவல். நிலத்தைக் கிரண்ட் போட்டுச் சொந்தமாக வைத்திருக்கும் பழக்கமே பல குடும்பங்களுக்கு அப்பா தலைமுறையில்தான் வந்தது. அந்தக் கிரண்ட்டும் கடன் முடியும்வரை வங்கியில் இருப்பதால் யாரும் எடுத்துப் படிப்பதில்லை.

முதல் பாடம்: வேலி எல்லை அல்ல. மேம்பாட்டாளர் போட்ட வேலி ஓரிரு அங்குலம் தள்ளியே இருக்கலாம். எல்லை என்பது நில அளவைத் துறையான ஜூப்பெம்மின் வரைபடத்தில் உள்ள கோடு. அதைத் தரையில் காட்டுவது எல்லைக்கல். நில அலுவலகத்தில் கட்டணம் கட்டிக் கிரண்ட்டின் நகலை வாங்கிப் பாருங்கள். "ஹக்மிலிக் செமெந்தாரா" என்று இருந்தால் அது தற்காலிகப் பட்டா. அதில் உள்ள எல்லையும் பரப்பளவும் இறுதி அளவையில் மாறலாம். "கெக்கால்" என்றால் அளந்து முடிந்தது. கல் காணாமல் போயிருந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளர் வந்துதான் திரும்ப நிறுவ வேண்டும். காண்டிராக்டரின் டேப்பும் உங்கள் கைப்பேசியும் இதற்கு உதவாது. கைப்பேசி ஜி.பி.எஸ்.ஸின் பிழையே சில மீட்டர் வரும், நீங்கள் சண்டை போடுவதோ அரை அடிக்கு! எரிச்சலில் யாரும் எல்லைக்கல்லைப் பிடுங்கிவிட வேண்டாம். அது குற்றம்.

இரண்டாவதாக ஒரு தவறான நம்பிக்கை. "பன்னிரண்டு வருஷம் அனுபவிச்சா நிலம் நமக்குத்தான்" என்று கடையில் உட்கார்ந்து பேசுவார்கள். அது இந்தியச் சட்டத்திலிருந்தும் தமிழ்ப் படங்களிலிருந்தும் வந்த பேச்சு. இங்கே தேசிய நிலச் சட்டம் 341ஆம் பிரிவின்படி, அடுத்தவர் நிலத்தை எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் உரிமையாளரின் உரிமை போகாது. அதற்காகச் சும்மா இருக்கலாம் என்று அர்த்தமில்லை. கண் முன்னே அவர் கட்டி முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு இடிக்கச் சொல்லிக் கேட்டால், அந்த மௌனமே நீதிமன்றத்தில் நமக்கு எதிராக நிற்கலாம்.

பேச வேண்டிய நேரம் அஸ்திவாரத்துக்கு முன். "அண்ணே, பின்னாடி சமையலறைய இழுத்துக் கட்டப் போறீங்களாம். பிளான் இருந்தா ஒரு தடவை பாக்கலாமா? கல்லையும் சேர்ந்தே பாத்துடுவோம்." இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். பக்கத்து வீட்டில் இருப்பவர் பாச்சேக்காக இருந்தாலும் சீன அங்கிளாக இருந்தாலும் இதே பேச்சுதான். அளவையாளர் செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளலாம் என்றும் நீங்களே சொல்லுங்கள். நில விஷயத்தை இன விஷயமாக்கி வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவரை, தயவுசெய்து, அங்கேயே நிறுத்துங்கள்.

1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி, எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது. நமக்கு அந்த அனுமதியைத் தருவது அலோர் காஜா நகராண்மைக் கழகம். பல நகராண்மைக் கழகங்கள் அண்டை வீட்டாரின் சம்மதக் கடிதத்தையும் கேட்கும். அம்மாவிடம் கையெழுத்து கேட்டு வந்தால் பிளானைப் பார்க்காமல் போட விடாதீர்கள். தெரஸ் வீட்டுப் பொதுச் சுவர் மொத்தம் 200 மில்லிமீட்டர் தடிப்பு இருக்க வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டுக் கட்டட உபவிதி. வெவ்வேறு காலத்தில் கட்டினால் ஆளுக்கு 100 மில்லிமீட்டராக இரண்டு சுவர் எழுப்பலாம். அவர் தன் 100ஐத் தன் பக்கம் கட்டுகிறாரா என்று பிளானிலேயே தெரியும்.

சுவரைவிட எனக்குப் பெரிய கவலை மண்ணும் தண்ணீரும். பக்கத்து நிலத்தில் பள்ளம் தோண்டினால் நம் மண் சரியக் கூடாது. நம் நிலம் இயற்கை நிலையில் பெறும் தாங்குதல் ஓர் உரிமை என்று தேசிய நிலச் சட்டம் 44ஆம் பிரிவு சொல்கிறது. அலட்சியம் எதுவரை போகும் என்பதற்கு உலு கிள்ளானில் இருந்த ஹைலண்ட் டவர்ஸ் சாட்சி. 1993 டிசம்பர் 11, மலைச்சரிவு சரிந்து 12 மாடி அடுக்ககம் ஒன்று விழுந்தது. 48 பேர் இறந்தார்கள். கட்டியவர், கட்டடக் கலைஞர், பொறியாளர் என்று பலரை 2000இல் உயர்நீதிமன்றம் பொறுப்பாக்கியது. ஆனால் ஆகப் பெரிய பங்கு, 30 விழுக்காடு, பின்னால் இருந்த சரிவு நிலத்தின் உரிமையாளர் மேல் விழுந்தது. தன் நிலத்து வடிகாலையும் தடுப்புச் சுவரையும் பராமரிக்காமல் விட்டதுதான் காரணம். அதாவது பக்கத்து நிலத்துக்காரர். நகராண்மைக் கழகமும் முதலில் பொறுப்பாக்கப்பட்டது. 2006இல் கூட்டரசு நீதிமன்றம், அதே 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆம் பிரிவு அதற்குப் பாதுகாப்புத் தருகிறது என்று விடுவித்தது. இந்தத் தீர்ப்பை நான் இப்படித்தான் படிக்கிறேன்: அனுமதி முத்திரை இருக்கிறது என்று நம்பி நாம் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

நம் வீட்டுப் பின்புறம் ஒன்றும் மலைச்சரிவு இல்லைதான். என்றாலும் அவர் கூரைத் தண்ணீர் நம் சுவரில் கொட்டுகிறதா, லோங்காங்கை மூடி அதன்மேல் தரை போட்டுவிட்டாரா என்று முதல் மழையிலேயே போய்ப் பாருங்கள். அப்படியே நம் பக்கத்தையும் பாருங்கள். வேலியோரம் எழுப்பிய சாமி மேடையின் கூரை அவர் வீட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், அதற்கும் இதே சட்டம்தான். சாமி பெயரைச் சொல்லி அதை மறுப்பது அழகில்லை. கூரையை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் அவரிடம் பேசப் போங்கள்.

வேலை தொடங்கும் முன்பே உங்கள் சுவர், தரை, மேல்தளம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே உள்ள விரிசல்களின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். விரிசல் கோட்டைத் தாண்டினால் புதிய படம், அவருக்கு மரியாதையாக ஒரு கடிதம். பதில் இல்லையென்றால் நகராண்மைக் கழகக் கட்டடப் பிரிவில் எழுத்தில் புகார் கொடுத்து, எண்ணை வாங்கி வையுங்கள். அதற்கும் வேலை நிற்காவிட்டால் வழக்கறிஞர் மூலம் தடை உத்தரவு கேட்கலாம். அதைக் கூரை போடும் முன் கேட்க வேண்டும். சேதத்துக்கு வழக்குப் போட பொதுவாக 6 ஆண்டு அவகாசம். பின்னாளில்தான் தெரியவந்த சேதம் என்றால், கவனக்குறைவு வழக்குக்கு, தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. ஆனால் மொத்தம் 15 ஆண்டைத் தாண்டக் கூடாது. ஆகவே அந்தப் படங்களைக் கைப்பேசியோடு விட்டுவிடாமல், கிரண்ட் நகல் இருக்கும் கோப்பில் அச்செடுத்தும் வையுங்கள்.