மலையில் கடை விரிக்கலாமா?

சென்னை வேலையை விட்டுவிட்டு, கொடைக்கானலில் நிலம் வாங்கி, நாலு அறை கட்டி ஹோம்ஸ்டே நடத்த ஆசை. இறங்கலாமா? – வாசகர், தாம்பரம்

இறங்குவதற்கு முன் மலையேறிப் பாருங்கள். மே மாதத்தில் வேண்டாம். சீசனில் எந்த வீடும் லாபமாகத்தான் தெரியும். நவம்பர் மழையில் போய், ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து ஓராண்டு நடத்துங்கள். அறைகள் காலியாகக் கிடக்கும் மாதங்களில் எவ்வளவு கையைக் கடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

நிலம் பிடித்துப்போனால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள். காட்சியைப் பிறகு ரசிக்கலாம். மலைப்பகுதிக் கட்டட அனுமதி தனிக் கதை. புரோக்கர் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

2024 மே முதல் கொடைக்கானல் வர இ-பாஸ் வேண்டும். அறை பதிவு செய்பவர்களுக்கு நீங்களே நினைவூட்டிவிடுங்கள். இல்லையென்றால் சோதனைச்சாவடியிலிருந்து உங்களுக்குத்தான் போன் வரும்.