குதிரை ஓடும் வட்டத்துக்கு நடுவே ஏன் தண்ணீர்?

கேள்வி: டிவியில் குதிரைப் பந்தயம் காட்டும்போது கவனித்திருக்கிறேன். வெளிநாட்டு ரேஸ் மைதானங்கள் பலவற்றில் குதிரைகள் சுற்றி ஓட, நடுவில் ஏரியோ குளமோ இருக்கிறது. இது வெறும் அழகுக்கா? நம் கிண்டி ரேஸ் கோர்ஸிலும் குளம் வெட்டினார்களே, அதற்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
— வாசகர், கோவிலம்பாக்கம்

பதில்: அழகு பிறகு வந்து சேர்ந்தது. முதல் காரணம் மண்.

ரேஸ் பாதை தட்டையாகத் தெரிந்தாலும் தட்டையானது அல்ல. அரை டன் எடையுள்ள குதிரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கம் தள்ளப்படும். அதைத் தாங்கவே வளைவுகளில் வெளிவிளிம்பை உயர்த்தி உள்விளிம்பைத் தாழ்த்துகிறார்கள். நேர்ப்பாதையிலும் மழைநீர் ஓடி வடிவதற்காக ஒரு பக்கச் சரிவு வைப்பது உண்டு. இதற்கெல்லாம் மண் வேண்டும். பார்வையாளர் மாடத்தின் அடித்தளத்துக்கும் வேண்டும். வட்டத்துக்குள் நிலம் சும்மா கிடக்கும்போது வெளியூரிலிருந்து மண்ணை ஏற்றி வருவானேன்? நடுவிலேயே வெட்டி எடுத்தார்கள். நம் கிராமங்களில் வீட்டுச் சுவருக்கு மண் எடுத்த பள்ளம் அடுத்த மழையில் குட்டையாக மாறுவதைப்போல, அங்கும் பள்ளம் நிரம்பிக் குளமானது.

அந்தப் பள்ளம் இரண்டாவது வேலையையும் செய்தது. பாதையின் சரிவு உட்பக்கமாக இருந்தால், அதில் விழும் மழை அத்தனையும் உள்வேலியைத் தாண்டி நடுவில்தான் வந்து சேரும். சுற்றிலும் பாதை கரைபோல நிற்பதால் அந்தத் தண்ணீர் தானாக வெளியேற வழியில்லை. பாதைக்கு அடியில் குழாய் புதைத்து வெளியே கொண்டுபோக வேண்டும். அல்லது உள்ளேயே நிற்க ஓர் இடம் கொடுக்க வேண்டும். தண்ணீர் தேங்கிய புல்தரையில் குதிரையின் குளம்பு புதைந்து கால் முறியலாம். ரேஸ் குதிரைக்குக் கால் முறிவது பெரும்பாலும் உயிர்போகிற விஷயம். ஆகவே வடிகால் அங்கே ஒரு வசதி மட்டும் அல்ல.

காய்ந்து இறுகிய தரையும் ஆபத்துதான். இந்தியாவில் ரேஸ் நாளன்று தரையின் இறுக்கத்தை அளந்து அறிவிப்பார்கள். ஒரு கூரான கோலின் மேல் குறிப்பிட்ட உயரத்திலிருந்து எடைக்கல்லை விழவிட்டு, கோல் மண்ணுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பாதையின் பல இடங்களில் பார்க்கிறார்கள். பெனட்ரோமீட்டர் என்பது கருவியின் பெயர். அளவு குறைந்தால் தரை கல்லாக இருக்கிறது என்று பொருள். உடனே தண்ணீர் விட வேண்டும்.

எவ்வளவு தண்ணீர்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,000 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பாதையின் பரப்பு 50,000 சதுர மீட்டர். அதில் வெறும் 5 மில்லிமீட்டர் நனைக்கவே 2,50,000 லிட்டர் ஆகும். உங்கள் ஏரியாவில் விடியற்காலையிலிருந்து ஓடுகிற 12,000 லிட்டர் தண்ணி லாரிகளில் சொன்னால் கிட்டத்தட்ட 21 லோடு. ஒரு தடவை நனைப்பதற்கு மட்டும் இவ்வளவு. கோடையில் இதை அடிக்கடி செய்தாக வேண்டும். மழைக்காலத்தில் பாதையிலிருந்து வடிந்த நீரையே சேர்த்து வைத்து, கோடையில் பம்பு போட்டு அதே பாதைக்குத் திருப்பி விடுவதுதான் கெட்டிக்காரத்தனம். நடுவில் உள்ள குளத்தின் மிகப் பெரிய பயன் இதுவே என்று நான் நினைக்கிறேன்.

சரி, பள்ளத்தை மூடிவிட்டு அங்கே கட்டடம் கட்டியிருக்கலாமே என்று தோன்றலாம். முடியாது. மாடத்தில் உட்கார்ந்திருப்பவர் காசு கொடுத்து வந்திருப்பதே எதிர்ப்பக்கத்தில் ஓடும் குதிரைகளையும் சேர்த்துப் பார்க்கத்தான். நடுவில் ஒரு மாடிக் கட்டடம் எழுந்தால், ஏன், ஒரு மாந்தோப்பு வளர்ந்தால்கூட, பாதி ரேஸ் மறைந்துபோகும். உயரமாக எதுவும் வரக்கூடாத பெருநிலத்தில் எதை வைக்க முடியும்? புல், விளையாட்டுத் திடல், தண்ணீர். ஹாங்காங்கின் ஹாப்பி வேலி மைதானத்தில் நடுவில் கால்பந்துத் திடல்கள் இருக்கின்றன. அதே ஊரில் கடலைத் தூர்த்து 1978இல் திறந்த ஷா டின் மைதானத்தின் நடுவில் குளங்களோடு கூடிய பொதுப்பூங்கா இருக்கிறது. கிண்டியில் நடுப்பகுதியில் நெடுங்காலம் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அது நிலத்தைப் பற்றியது. நகரத்துக்குப் பக்கத்தில், பெரிய பரப்பில், மேடுபள்ளம் இல்லாமல், யாரும் வீடு கட்டாமல் விட்டுவைத்த இடம் எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் தண்ணீர் நிற்கிற இடத்தில்தான். ஹாப்பி வேலி முன்பு சதுப்பும் நெல்வயலும். அதை வடித்துத்தான் 1846இல் முதல் ரேஸ் நடத்தினார்கள். மும்பை மகாலட்சுமி ரேஸ் கோர்ஸ் 1883இல் வந்தது, அதுவும் சேற்று நிலத்தில். இன்னும் பின்னால் போனால் ரோமாபுரி. அங்கே தேரோட்டம் நடந்த சர்க்கஸ் மாக்ஸிமஸ், பாலத்தீன், அவெந்தீன் என்ற இரண்டு குன்றுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் அதன் வழியே ஓடையே ஓடியது. ஜூலியஸ் சீசர் அந்தத் திடலைச் சுற்றிப் பத்தடி அகலம், பத்தடி ஆழத்தில் ஓர் அகழி வெட்டினார். மிருகக் காட்சிகளின்போது யானைகள் மக்கள் மேல் பாயாமலிருக்க. நீரோ மன்னன் அதை மூடினான். பிறகு, தேர்கள் சுற்றி வருகிற நடுத்திட்டில் தண்ணீர்த் தொட்டிகள் வந்தன. எத்தனை சுற்று முடிந்தது என்று காட்ட அங்கே வைத்திருந்த அடையாளங்களில் ஒன்று ஏழு டால்ஃபின் உருவங்கள். கி.மு. 33இல் அக்ரிப்பா என்ற தளபதி வைத்தது அது. புழுதி பறக்கும் திடலில் ஓடிவரும் குதிரைகள் மேல் தண்ணீர் தெளிக்கத் தனி ஆட்களே இருந்தார்கள். குதிரை ஓடும் இடத்துக்கு நடுவே தண்ணீர் என்பது இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம்.

இனி கிண்டி. அங்கே குதிரைப் பந்தயம் 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து நடந்திருக்கிறது. மெட்ராஸ் ரேஸ் கிளப் அமைந்தது 1896இல். 1940களில் 99 ஆண்டுக் குத்தகைக்கு 160 ஏக்கர் 86 சென்ட் நிலம் கிளப்புக்குக் கொடுக்கப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. வாடகை பாக்கி 730 கோடிக்கு மேல் என்று அரசு கேட்க, வழக்கு வளர்ந்து, 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. அதன்பின் அங்கே மாநகராட்சி குளங்கள் வெட்டியது வேளச்சேரியின் வெள்ளத்தைக் குறைக்க. குதிரைப் பாதைக்காக அல்ல. 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது.

நோக்கம் வேறுதான். ஆனால் நீங்கள் கேட்ட தொடர்பு இருக்கிறது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக, எதிர்ப்பக்கக் குதிரை மறையக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காகக் கிண்டியின் நடுநிலம் கட்டடம் இல்லாமல் தப்பியது. சுற்றியிருந்த ஏரிகள் வீட்டுமனைகளாகிக்கொண்டிருந்த காலம் அது. வேளச்சேரி ஏரியே 265 ஏக்கரிலிருந்து சுமார் 55 ஏக்கராகச் சுருங்கிவிட்டது. ஏரிகளைக் காப்பாற்ற முடியாத நகரம், ரேஸ் மைதானத்தின் காலியிடத்தைத் தன்னையறியாமல் காப்பாற்றி வைத்திருந்தது. இப்போது அந்த இடத்தில்தான் தண்ணீருக்குக் குழி தோண்ட முடிகிறது.

கேள்வி: நடுவில் இருக்கும் ஏரியில் குதிரைகள் இறங்குமா? நீந்துமா?
— அதே வாசகர்

பதில்: இறங்குவதில்லை. குதிரை நன்றாக நீந்தும். பயிற்சியாளர்கள் அதை நீந்தவும் விடுவார்கள். காலில் எடை விழாமல் மூச்சையும் தசையையும் பலப்படுத்த நீச்சல் நல்ல வழி. ஆனால் அதற்கென்றே லாயங்களின் பக்கத்தில் சரிவான நுழைவு வைத்துக் கட்டிய தனிக் குளங்கள் உண்டு. இரண்டு பக்கமும் ஆட்கள் கயிறு பிடித்து நடக்க, குதிரை நடுவில் நீந்தி வரும். சேறும் பாசியும் உள்ள ஏரிக்குள் கோடிக்கணக்கில் விலைபோகும் குதிரையை யாரும் விடமாட்டார்கள். தடை தாண்டும் பந்தயங்களில் மட்டும் தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் கட்டம் உண்டு. இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் 16ஆவது தடை அது.

நடு ஏரியைச் சொந்தமாக்கிக்கொண்டவை பறவைகள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஹயாலியா பார்க் என்ற மைதானம் இருக்கிறது. அங்குள்ள ஏரியில் 1930களில் கியூபாவிலிருந்து கொண்டுவந்து விட்ட பூநாரைகள் தங்கிப் பெருகின. அவைதான் அந்த மைதானத்தின் அடையாளமே. நியூயார்க் மாநிலத்தின் சாரடோகாவில் நடுக் குளத்தில் ஒரு சிறு படகு மிதக்கும். ஒவ்வோர் ஆண்டும் டிராவர்ஸ் பந்தயத்தில் வென்ற குதிரையின் உரிமையாளர் நிறங்களை அதற்குப் பூசுவார்கள். பூநாரை பார்க்க நீங்கள் ஃபுளோரிடா போக வேண்டாம். பருவம் பார்த்துப் பள்ளிக்கரணைக்குப் போங்கள், வீட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான்.

கேள்வி: கிண்டிக் குளங்களால் எங்கள் பக்கம் வெள்ளம் குறையுமா?
— கோவிலம்பாக்கத்திலிருந்தே இன்னொரு வாசகி

பதில்: நேரடியாகக் குறையாது. உங்கள் பக்கத்துத் தண்ணீர் கீழ்க்கட்டளை ஏரியிலிருந்து நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைக்கும் போகிற தண்ணீர். கிண்டி நீர் வேளச்சேரி வழியாக அதே பள்ளிக்கரணைக்கு வருகிறது. இரண்டும் சேர்ந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய்த்தான் கடலைப் பார்க்க வேண்டும். கோவளம் முகத்துவாரம் வரைக்கும் வழி ஒன்றே. ஆகவே மேலே கிண்டியில் கொஞ்சம் தண்ணீர் தாமதமானால், உங்கள் ஏரிகளின் உபரி நீர் வெளியேறக் கொஞ்சம் இடம் கிடைக்கும். அந்த அளவுக்கு உங்களுக்கும் பயன்தான்.

எதிர்பார்ப்பைக் கணக்கோடு வைத்துக்கொள்வோம். 160 ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் ஆறரைக் கோடி லிட்டர். அந்த மைதானத்தில் விழுவது மட்டும் இவ்வளவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெய்ததோ இதைப்போல் பல மடங்கு. ஐந்து பர்லாங் சாலையும் வேளச்சேரியும் தண்ணீரில் நின்ற நாட்களை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். நாலு குளம் வெட்டியதால் ஊர் தப்பித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயனில்லை என்றாலும் நம்பாதீர்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது, பூங்கா அமைப்பவர்கள் அதை இப்போதே யோசிக்க வேண்டும். பூங்காவுக்கு வருகிறவர்களுக்குக் குளம் ததும்ப நிற்க வேண்டும். படம் எடுக்கலாம், படகு விடலாம். வெள்ளத்தைத் தாங்க வேண்டிய குளமோ மழைக்கு முன் பாதிக்கு மேல் காலியாக இருக்க வேண்டும். நிரம்பி நிற்கும் குளத்தில் புயல் நாளில் ஒரு குடம் தண்ணீர்கூடக் கூடுதலாகப் பிடிக்காது. வந்த வேகத்தில் வழிந்து வேளச்சேரிக்குப் போய்விடும். வெளிநாட்டு ரேஸ் மைதானக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை, பாதைக்குப் பாய்ச்சவே குளத்து நீரை அவர்கள் இறைத்துக்கொண்டிருப்பார்கள். பூங்காவின் செடிகொடிகளுக்கும் புல்தரைக்கும் அந்த நீரையே எடுத்து, அக்டோபர் பிறப்பதற்குள் மட்டத்தை இறக்கி, மதகையும் போக்குக் கால்வாயையும் தூர்வாரி வைக்க வேண்டும். இந்த வேலை யாருடையது, மாநகராட்சியா தோட்டக்கலைத் துறையா என்பதைப் பூங்கா திறக்கும் முன் எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். உங்கள் பக்கத்தில் கீழ்க்கட்டளைக்கும் நாராயணபுரத்துக்கும் நடுவே உள்ள கால்வாய்க்கும் இதே கேள்வியை உங்கள் உள்ளாட்சி அமைப்பிடம் செப்டம்பரிலேயே கேளுங்கள்.